வித்தைக்காரர் பாம்பையாவது காட்டினார்

பெறுநர்:
இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்கள்,
மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு,
புது டெல்லி.

பொருள்: நெற்றிச் சுருக்கத்துக்கு விஷம் வைக்கலாமா என விளக்கம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

நான் செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் ஒரு சின்ன டப்பா முகப்பூச்சு அனுப்பியிருக்கிறாள். மூடியில் தங்க நிறத்தில் ஒரு நல்ல பாம்பு படமெடுத்து நிற்கிறது. "போடோக்ஸ் மாதிரியேதான் அத்தை, ஆனா ஊசி கிடையாது" என்கிறாள். மூன்று வாரமாக டப்பா அலமாரியில் இருக்கிறது. திறக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

தயக்கத்துக்கு முதல் காரணம் சொந்த விஷயம். என் நெற்றிச் சுருக்கங்கள் வயதால் வந்தவை அல்ல. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு போட்டவை. பிரம்பைத் தொடாமல், புருவத்தை மட்டும் நெரித்துக் கடைசி பெஞ்சை அடக்கியவள் நான். பென்ஷனைப் போல இதுவும் உழைத்துச் சம்பாதித்தது.

இரண்டாவது காரணம், நான் எதையும் பின்பக்கத்திலிருந்து படிப்பவள். முன்பக்கம் பாம்பு, பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், கிளிசரின் என்று தொடங்கி, கடைசிக்குச் சற்று முன்னால் 'டைபெப்டைடு டையமினோபியூட்டிரோயில் பென்சைலமைடு டையசிடேட்'. இதன் வணிகப் பெயர் சின்-ஏக். சேர்த்துப் படித்தால் ஆங்கிலப் பாம்பு வரும். சுவிட்சர்லாந்தின் பென்டாஃபார்ம் நிறுவனம் ஆய்வகத்தில் தயாரித்த பொருள். இதில் விஷத்தின் ஒரு துளியும் இல்லை. பாம்பு விஷத்தில் உள்ள ஒரு பொருளைப் பார்த்துச் செய்த நகல், அவ்வளவுதான்.

அந்தப் பாம்பும் நல்ல பாம்பு அல்ல. மலேசியாவில், பினாங்கின் பாம்புக் கோயிலில் கிளைகளில் சுருண்டு கிடக்குமே, அந்த விரியன். அதற்குப் படமெடுக்கவே தெரியாது. எங்கள் பஸ் ஸ்டாண்டு வித்தைக்காரர் நினைவுக்கு வருகிறார். இதோ கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்று இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத் தாயத்து விற்பார். சண்டை வந்ததே இல்லை. ஆனாலும் அவர் கூடையில் நிஜப் பாம்பு இருந்தது.

சரி, நகல்தான் வேலை செய்யுமா? பழைய பழக்கம், கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன். தசை சுருங்க வேண்டுமென்றால் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற பயணியை அனுப்பும். அவர் தசையில் தமக்கென்று உள்ள இருக்கையில் உட்கார்ந்தால் புருவம் நெரியும். போடோக்ஸ் அந்தப் பயணியை வீட்டை விட்டே கிளம்பவிடாது. விரியனின் விஷத்தில் உள்ள அந்தப் பொருள், வாக்ளெரின், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். பயணி வந்து நின்றுகொண்டே இருப்பார். நகலும் இப்படித் துண்டு போடும் என்பதுதான் வாக்குறுதி.

ஆனால் துண்டு போட நகல் முதலில் பஸ் ஸ்டாண்டுக்கே வர வேண்டுமே. ஏறக்குறைய 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைத் தோல் எளிதில் உள்ளே விடுவதில்லை. 22 அமினோ அமிலம் கோத்த வாக்ளெரின் அதைப்போல ஐந்து மடங்கு. அதனால்தான் இந்தக் குட்டி நகல். தோலின் மேலடுக்கை அது தாண்டியதாகவே வைத்துக்கொள்வோம். தசை இருப்பது தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில். திண்ணையில் உட்கார்ந்தவர் சமையலறையில் தாளித்ததாகச் சொன்னால் நம்பலாமா?

இங்கேதான் தங்கள் அலுவலகத்தின் உதவி தேவைப்படுகிறது. 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அழகுசாதனம் என்பது தேய்த்தோ, ஊற்றியோ, தூவியோ, தெளித்தோ தோற்றத்தை மாற்றுவது. உடலின் செயலையே மாற்றும் பொருளை மருந்தென்று அறிவிக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. டப்பாவில் எழுதியபடி இது தசையைப் படுக்க வைக்கிறது என்றால், இதை மருத்துவர் சீட்டில்லாமல் என் வீட்டு வாசலுக்கு அனுப்பியது எப்படி? படுக்க வைக்கவில்லை என்றால், அப்படி எழுதியது எப்படி? வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் எதையும் அழகுசாதனம் சொல்லக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. இது அழகுசாதனம்தான் என்று உரிமம் வாங்கியபோதே, பாம்புக்குப் பல் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. தவறானால் திருத்தவும்.

28 நாட்களில் சுருக்கம் 52 சதவீதம் வரை குறையும் என்றும் விளம்பரம் உண்டு. அந்த 'வரை'யைக் கவனியுங்கள். பூஜ்யத்திலிருந்து 52 வரை எது வந்தாலும் அவர்கள் பாஸ். என் மாணவர்களுக்கு இப்படி ஒரு மதிப்பெண் முறை இருந்திருந்தால் எனக்குப் புருவத்தை நெரிக்கும் வேலையே இருந்திருக்காது.

ஒன்று மட்டும் பகடி இல்லாமல் கேட்கிறேன். எங்கள் மாவட்டத்து வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அதுதான். 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இருளர் ஒரு பாம்பைத் தொட வனத்துறை அனுமதி வேண்டும், எந்தப் பாம்பு எத்தனை என்ற கணக்கும் வேண்டும். நிஜ விஷத்துக்கு இத்தனை ரெஜிஸ்டர். டப்பா மூடியில் நிற்கும் பாம்புக்கு எந்த ரெஜிஸ்டர், ஐயா?

பதில் வரும்வரை டப்பாவைத் திறப்பதாக இல்லை. இருந்தாலும் ஆதாரமில்லாமல் மனு எழுதுவது எனக்குப் பழக்கமில்லாததால் என் நெற்றியின் புகைப்படங்கள் இரண்டை இணைத்துள்ளேன். இரண்டும் ஒரே நாள் காலையில் எடுத்தவை. ஒன்று சமையலறைக் குண்டு பல்பின் கீழே, மற்றது ஜன்னலோரம். இரண்டையும் விவரம் சொல்லாமல் அண்ணன் மகளுக்கும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர் அத்தை! சொன்னேன்ல? இன்னொரு டப்பா ஆர்டர் போட்டுட்டேன்."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை

இணைப்பு: புகைப்படங்கள் – 2, திறக்காத டப்பா – 1 (இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது).