லயமும் கூடாரமும்: ஊவாத் தோட்டக் குடும்பங்களின் கடலோரத் தங்கல் பற்றி ஒரு சிற்றாய்வு

சிறு பிள்ளைகளோடு ஆளில்லாத கடற்கரையில் கூடாரமடித்துத் தங்குவது எப்படி என்று வழிகாட்டும் எழுத்துகளுக்கு உலகில் குறைவில்லை. எல்லாமே எச்சரிக்கையோடுதான் தொடங்கும். இடம் போதாது. தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்க வேண்டும். கழிப்பறை அதைவிடத் தூரம். சமையல் புகை படுக்கைக்குள் வரும். மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. ஒரு பிள்ளை இருமினால் பக்கத்துக் கூடாரமும் விழித்துக்கொள்ளும். ஆகவே புறப்படுவதற்கு முன் வீட்டு முற்றத்தில் ஓரிரண்டு இரவு ஒத்திகை பாருங்கள் என்று அறிவுரை சொல்லி முடிப்பார்கள். பதுளையில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவருக்கு ஓர் ஐயம் எழாமல் இருக்காது: இது கூடாரத்தின் வருணனையா, மடுல்சீமைத் தோட்டத்தில் யாரோ ஒருவருடைய முகவரியா? அந்த ஐயத்தைக் கருதுகோளாக உயர்த்துவதே இக்கட்டுரையின் பணி. கருதுகோள் இதுதான்: பிள்ளைகுட்டிகளோடு கடலோரத்தில் கூடாரமடிக்க எந்த ஒத்திகையும் தேவைப்படாத சமூகம் ஊவாத் தோட்டச் சமூகம், ஏனென்றால் ஒத்திகை அங்கே நூற்றைம்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

முதற்சான்று அளவு பற்றியது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம். லயக் காம்பரா ஒன்றின் வழமையான அளவு 10க்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. கடைகளில் 'நான்கு பேருக்கு' என்று சீட்டு ஒட்டி விற்கும் கூடாரம் ஏறத்தாழ 8க்கு 8, அதாவது 64 சதுர அடி; தலைக்கு 16. இனி ஒரு காம்பராவில் தாத்தா, அப்பாயி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என ஏழு பேரை வைத்துப் பார்ப்போம். தலைக்கு 17 சதுர அடியும் கொஞ்சமும் வருகிறது. கூடாரத் தொழிற்சாலைக்காரரும் தோட்டக் கம்பனிக்காரரும் ஒருவரையொருவர் சந்தித்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதப் பிறவி மல்லாந்து படுக்க எவ்வளவு இடம் தேவை என்பதில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். லயத்தில் மிஞ்சுகிற அந்த ஒரு சதுர அடி அடுப்புக்குப் போய்விடும். இஸ்தோப்பை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். நல்ல கூடாரங்களுக்கும் முன்பக்கம் ஒரு நீட்டல் உண்டு, இரண்டையும் கழித்துவிட்டேன். உள்ளமைப்பும் ஒத்துப்போகிறது. கொடிக்கயிற்றில் ஒரு பழைய சேலையைப் போட்டால் ஒரு அறை இரண்டாகும், புதுச் சோடிக்கு ஒரு மூலை கிடைக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளக்கு வெளிச்சம் அடுத்தவர் கண்ணில் படாமல் கிடைக்கும். இன்று விலையுயர்ந்த குடும்பக் கூடாரங்களில் நடுவே 'சிப்' வைத்த துணித் தடுப்பு ஒன்று வருகிறது. சேலையோடு ஒப்பிட்டால் அது பின்னடைவு. கிழிந்தால் அதைப் பிள்ளைத் தொட்டிலாக மாற்ற முடியாது.

வரலாற்றுச் சான்று இதைவிட வலுவானது. 1901இல் இங்கிலாந்தில் தோமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையற்காரர், சைக்கிளில் போய்க் கூடாரமடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908இல் ஒரு கைநூலும் எழுதினார். பொழுதுபோக்காகக் கூடாரமடிக்கும் பழக்கத்தின் தந்தை அவரே என்பது மேலைநாட்டார் கொள்கை. அதே 1901இல்தான் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கொண்டுவந்தவர் போய்ச் சேரும் செலவை அந்தத் தோட்டம் ஏற்கும், பிறகு கடனாக எழுதிக்கொள்ளும். (இன்றைய ஓட்டல்களில் விருந்தாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிவிடுகிறார்களே, அதன் மூதாதையைத் தேடுகிறவர்கள் இந்தத் துண்டிலிருந்து தொடங்கலாம்.) 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து மண்டபத்தில், ஆளரவமற்ற ஒரு மணற்கரையில், நோய்த்தடுப்பு முகாம் ஒன்று நடந்தது. திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து, அம்மைப்பால் குத்திக்கொண்டு, உடுதுணியைக் கிருமிநீக்கக் கொடுத்துவிட்டு, கப்பலுக்காகச் சில நாட்கள் அங்கே தங்கினார்கள். கடல் இருந்தது, மணல் இருந்தது, வரிசையில் நின்று வாங்கும் சாப்பாடு இருந்தது, இடுப்பில் குழந்தையும் இருந்தது. குடும்பக் கடலோர முகாம் என்பதற்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? அங்கே இருக்கும் ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் பெயர் மண்டபம் கேம்ப். ஹோல்டிங்கின் பெயரில் எந்த ஸ்டேஷனும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி நிகழ்காலக் களச்சான்று. பதுளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. நமுனுகுலை மலை 2,036 மீற்றர் உயரத்தில் நின்று பார்த்தாலும் கடல் கீழே வேறு மாகாணத்தில்தான் கிடக்கிறது. பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை என்று இறங்கினால் பொத்துவில். அங்கிருந்து அறுகம்பை, பாணமை, கடைசியில் குமண காட்டின் வாசலில் கடலைப் பார்த்து நிற்கும் உகந்தை முருகன் கோயில். கதிர்காமத் திருவிழாவுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் காட்டுக் கதவு திறக்கும்வரை காத்திருப்பது அந்தக் கோயிலடியில்தான். அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தைகளையும் காணலாம். தோட்டத்திலிருந்து வேனில் வருகிற குடும்பங்கள் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. கோயிலைக் கும்பிட்டு, ஓரிரண்டு இரவு மரத்தடியில் தங்கி, திரும்பும்போது அறுகம்பையில் குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் இறக்கும் சாமான்களைக் கவனித்தால் ஆய்வு பாதி முடிந்துவிடும். முதலில் படங்கு இறங்குகிறது. கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கின் அண்ணன் முறை அது. நான்கு முனையிலும் கயிறு ஏற்கெனவே முடிச்சிட்டபடி இருக்கும். அடுத்து ஒரு கிடாரம், அதற்குள் அரிசி, அரிசிக்குள் முட்டை, உடையாமல். பிறகு கம்பளி, டோர்ச், அம்மி வேண்டாமென்று இடித்தே கொண்டுவந்த சம்பல், முந்திய இரவு சுட்ட ரொட்டி. ஒரு சொப்பிங் பேக் நிறையத் தேசிக்காயும் வரும். அது சமையலுக்கல்ல, வளைவுகளில் வாந்தியெடுக்கும் பிள்ளைகளின் மூக்குக்கு. வேன் நின்ற சிறிது நேரத்தில் படங்கு மரங்களுக்கிடையே விறைத்து நிற்கும், மூன்று கல்லில் அடுப்பு எரியும். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த குடும்பம் இன்னும் வழிகாட்டித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று தகப்பனும் தாயும் அபிப்பிராய பேதம் கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இடைவெளி இன்னும் கூடுகிறது. பிறந்த சில மாதங்களிலேயே பிள்ளை மடுவத்தில் விடப்பட்டு, அடுத்த காம்பராப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உறங்கி எழும்பிய குழந்தைக்கு, கூடாரத்தில் யாருடைய கால் தன்மேல் கிடக்கிறது என்பது ஒரு பொருட்டல்ல. பீலிக்கரையில் குடத்தோடு முறை காத்து நின்ற ஆறு வயதுச் சிறுமிக்கு, கோயில் கிணற்றடியில் எங்கே நின்றால் முறை சீக்கிரம் வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் தோட்டத்தார் தடுமாறுகிறார்கள்: தேத்தண்ணி. ஆகஸ்ட் மாதக் கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி விலை. அந்த மணத்தை உண்டாக்குகிற கைகள் குடிப்பது என்னவோ டஸ்ட்தான். அந்த டஸ்டையும் கடலோரத்து உவர்த் தண்ணீரில் ஊற்றிப் பார்த்தால் நிறம் கறுக்கும், வாசம் வராது. அப்பாயி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கிற விதத்தில் இந்தக் கரையோரம் முழுவதையும் பற்றிய ஒரு தீர்ப்பு இருக்கிறது.

கருதுகோளுக்கு எதிரான வாதங்களைக் கவனிப்போம். கூடாரத்துக்குப் போகிறவர் விரும்பிப் போகிறார், லயத்தில் இருப்பவர் வேறு வழியில்லாமல் இருக்கிறார், இரண்டையும் எப்படி ஒன்றாக்கலாம் என்பது முதல் ஆட்சேபம். இந்த ஆய்வு பயிற்சியைப் பற்றியது, விருப்பத்தைப் பற்றியதல்ல. நீந்தத் தெரிந்தவரிடம் யார் தள்ளிவிட்டதால் கற்றுக்கொண்டீர்கள் என்று எந்தப் பரீட்சகரும் கேட்பதில்லை. அடுத்த ஆட்சேபம் இன்னும் நுட்பமானது: கூடாரம் தற்காலிகமானது, லயமோ கல்லும் சுண்ணாம்பும் தகரமுமாக நிலைத்து நிற்பது. இப்படிச் சொல்கிறவர் கட்டடத்தைப் பார்க்கிறார், கட்டியவரின் மனத்தைப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற எண்ணத்தில் கோப்பிக் காலத்தில் எழுப்பிய கொட்டில் வரிசையின் வாரிசுதான் லயம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, உள்ளே இருப்பவர்கள் விருந்தாளிகள் என்று சொன்னது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை, முகாம் முடிந்தது, மூட்டை கட்டுங்கள் என்று இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. அப்படிப் போனவர்கள் பாட்டன் வந்த அதே கடலைத் திரும்பவும் கடந்தார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மிஞ்சியவர்கள் தற்காலிகத் தங்குமிடத்திலேயே நெடுநாள் இருந்துவிட்டுத்தான் புது வீட்டுக்குப் போனார்கள். எது தற்காலிகம், எது நிரந்தரம் என்பதை ஊவாவில் கட்டடப் பொருளை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

புதிய வீடுகளைக் காட்டி எழும் ஆட்சேபத்துக்கு இந்த ஆய்வாளனிடம் பதில் இல்லை, இருக்கவும் கூடாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் இந்திய உதவியோடு கட்டிய 550 சதுர அடி வீட்டில் அதே ஏழு பேரை வைத்தால் தலைக்கு 78 சதுர அடிக்கு மேல் வருகிறது. கருதுகோள் அந்த வாசற்படியிலேயே விழுந்துவிடும். தன் கருதுகோள் தோற்க வேண்டும் என்று ஓர் ஆய்வாளன் விரும்பும் சந்தர்ப்பங்கள் அபூர்வம். வீடுகள் கட்டப்படும் வேகத்தைப் பார்க்கையில், இக்கட்டுரை இன்னும் சில தலைமுறைக்கு மேற்கோள் காட்டப்படும் என்ற வருத்தமே மிஞ்சுகிறது.

கடலைப் பற்றிய ஆட்சேபத்தை மட்டும் முழுவதுமாக ஏற்கிறேன். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பழக்கம், கடல் பழக்கமில்லை. அறுபது மீற்றருக்கு மேல் உயரமான துன்ஹிந்தை அருவி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தண்ணீர் மேலிருந்து கீழே போகும் என்பதைத்தான். பக்கவாட்டில் வந்து காலைப் பறித்துக்கொண்டு திரும்பிப் போகும் தண்ணீரை அல்ல. அறுகம்பையின் அலைக்காக உலகத்தின் மறுகோடியிலிருந்து பலகையோடு ஆட்கள் வருகிறார்கள் என்றால், அந்த அலை ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றதல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

எல்லாம் சரி, லயமும் கூடாரமும் ஒன்றே என்றால், கையிலுள்ளதைச் செலவழித்து மலையிலிருந்து இறங்கி அதையே ஏன் இன்னொரு முறை அனுபவிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆய்வு அரைகுறையானது. கடற்கரையில் பெரட்டு இல்லை. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, இன்றைக்கு எந்த மலை, பேர் (நாட்கூலிப் பதிவு) முழுதா அரையா என்று இன்னொருவர் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. மற்ற எல்லா அம்சங்களிலும் சமமாக இருக்கும் இரண்டு தங்குமிடங்களை வேறுபடுத்துவது இது ஒன்றுதான். அதற்கு விலையும் உண்டு. கணவனும் மனைவியும் வேலை செய்யும் குடும்பத்தில் ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் விழுந்துவிடும். வேன் கூலியோடு இதையும் சேர்த்தால்தான் உண்மைச் செலவு தெரியும். தீபாவளி முற்பணம் கையில் வரும் ஐப்பசியில் கிழக்குக் கரையில் மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. கரையில் மழையில்லாத ஆகஸ்டிலோ வரட்சியில் கொழுந்து குறைந்து கை வறண்டிருக்கும். கடலும் காசும் ஒரே மாதத்தில் வருவதில்லை. அதனால்தான் இந்தப் பயணங்கள் சீட்டுப் பிடித்து, இரண்டு மூன்று லயத்தார் சேர்ந்து, ஒரே வேனில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றி நடக்கின்றன. முதல் நாள் காலையில் நாலரைக்கு அப்பாயி எழுந்து எல்லோரையும் தட்டி எழுப்புகிறார். எங்கும் போக வேண்டியதில்லை என்பது ஞாபகம் வந்த பிறகும் ஒருவரும் மறுபடி படுப்பதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு அந்த மோசமான தேத்தண்ணியைக் குடிக்கிறார்கள்.

ஆய்வின் வழக்கப்படி பரிந்துரைகள். பாடசாலை விடுமுறை விட்டதும் ஆகஸ்டில் போங்கள், மார்கழியில் வேண்டாம். குடிக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் பொத்துவிலிலேயே நல்ல தண்ணீர் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். பாணமைக்கு அப்பால் கடைகளை நம்ப முடியாது. உகந்தையில் மச்சம் சமைக்காதீர்கள். கருவாட்டைத் திரும்பும்போது வாங்கி, நன்றாகச் சுற்றி, வேனின் கடைசி ஆசனத்துக்கு அடியில் வையுங்கள். பிள்ளைகளை முழங்கால் அளவுக்கு மேல் இறங்க விடாதீர்கள். முக்கியமாக, போகும்போதும் வரும்போதும் லாகுகலையை இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள். குளத்துக்கு வரும் யானைகளுக்கு இந்தக் கட்டுரையின் முடிவுகள் எதுவும் தெரியாது.