விழுந்தவனுக்குப் பூஜ்யம்

என் மாமனார் அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர். மகளையும் பேரனையும் பார்க்க டெக்சஸ் வந்திருந்தவர் ஒருநாள் காலை காபியோடு, "இங்கயும் மாட்டு மேல ஏறுறாங்களாமே மாப்ள, பாத்துருவமா?" என்றார். அவர் வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம். அப்போதே போனை எடுத்து நாலு டிக்கெட் போட்டேன்.

டிக்கெட் விலை 45 டாலர். நான் கொடுத்தது 61. நடுவில் நிற்கிற 16 டாலருக்கு விதவிதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம், ஆர்டரைக் கையாண்ட கட்டணம். தேடியது நான். இடம் பிடித்தது நான். கார்டு எண்ணைத் தட்டியதும் நான். டிக்கெட் வந்து உட்கார்ந்தது என் போனில். இதில் யார் யாருக்குச் சேவை செய்தார்கள்? நம் ஊர் தியேட்டர் வாசலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாக்கில் விற்றவனைப் போலீஸ் விரட்டி விரட்டி அடித்தது. பாவம், அவன் வெயிலில் நின்றாவது சம்பாதித்தான்.

2025 மே மாதத்திலிருந்து இங்கே ஒரு விதி நடப்பில் இருக்கிறது. நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையம் சொல்லிவிட்டது. குறைக்கச் சொல்லவில்லை, காட்டச் சொன்னது. ஆகவே, முன்பு பின்னால் வந்து முட்டியது இப்போது எதிரே நின்று கொம்பைக் காட்டிவிட்டு முட்டுகிறது. இதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர்.

கார் நிறுத்த 40 டாலர். வாசலில் மனைவியின் கைப்பையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பைதான் செல்லுமாம். உள்ளே போனதும் மாமாவுக்குத் தாகம். மகள் கைச்செலவுக்குக் கொடுத்திருந்த 20 டாலர் நோட்டைப் பெருமையாக நீட்டினார். கடைப் பையன் தலையாட்டிவிட்டான். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும். பொது, தனியார் கடன் அனைத்துக்கும் இந்த நோட்டு செல்லும் என்று அமெரிக்க அரசே அதில் அச்சடித்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலுக்குச் செல்லவில்லை. நாலு பாட்டில் 24 டாலர், ரொட்டிக்குள் வைத்த சாசேஜ் நாலு 36, எனக்கொரு பியர் 17. பையன் திரையை என் பக்கம் திருப்பினான்: டிப்ஸ் 18 சதவீதமா, 20-ஆ, 25-ஆ? பாட்டிலை எடுத்து வைத்ததும் நான்தான். ஆனாலும் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. டெக்சஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இல் வைத்த தொகை. நான் குடித்த பியர் அந்தக் கூலிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலான வேலை. பியர் துள்ளுகிறது, பார்க்கிங் துள்ளுகிறது. கூலி மட்டும் சண்டிமாடு, பதினைந்து வருஷத்துக்கும் மேலாகப் படுத்த இடத்திலேயே படுத்திருக்கிறது.

வாணவேடிக்கை முடிந்தது. விளம்பரம், டி-ஷர்ட் வீச்சு, மறுபடி விளம்பரம். "மாடு எப்ப வரும் மாப்ள?" என்று மாமா மூன்று தடவை கேட்டுவிட்டார்.

வந்தது. கூண்டுக் கதவு திறந்ததும் எண்ணூறு கிலோவாவது இருக்கும் ஒரு கறுப்பு மாடு நாலு காலையும் தூக்கி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. கயிற்றில் ஒரு கை, காற்றில் ஒரு கை. எட்டு வினாடி தாக்குப்பிடித்தால் மதிப்பெண் நூற்றுக்கு. அதில் பாதி ஓட்டியவனுக்கு, பாதி மாட்டுக்கு. ஏழே முக்கால் வினாடியில் விழுந்தாலும் மனிதனுக்குப் பூஜ்யம். மாட்டுக்கு அப்போதும் மதிப்பெண் உண்டு. மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "மாட்டுக்கு மரியாத தெரிஞ்ச பயலுக" என்றார்.

மனிதனுக்கு உள்ள மரியாதையை நான் அவரிடம் சொல்லவில்லை. அமெரிக்க ரோடியோ உலகில் மாட்டின் மேல் ஏறுகிறவனே நுழைவுக் கட்டணம் கட்டி ஏறுவது காலங்காலமான வழக்கம். பெட்ரோல் கைக்காசு, விடுதி கைக்காசு. அவன் யாருக்கும் ஊழியன் இல்லை, தனி ஒப்பந்தக்காரன். சீசன் கடைசியில் உலகப் பட்டம் வென்றவனுக்குப் பத்து லட்சம் டாலர் போனஸ். மற்றவர்களுக்கு அந்தப் பத்து லட்சத்தைப் பற்றிய கனவு. 2022-இல் அணிகள் வைத்து ஒரு லீக் தொடங்கினார்கள். அணியில் இடம் கிடைத்தவர்களுக்கு ஒப்பந்தப் பணம் வருகிறது. கிடைக்காதவர்களுக்குப் பழைய கணக்குதான்: விழுந்தால் வெறுங்கை.

விழுந்து எழாமலே போனவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் டென்வரில் மேசன் லோவ், வயது 25. நெஞ்சில் காப்புச் சட்டை இருந்தது, அதற்கு மேல்தான் மாடு மிதித்தது. 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பிரேசிலிலிருந்து வந்த அமாதேவ் காம்போஸ் சில்வா, வயது 22. அந்தக் காப்புச் சட்டை வந்த கதையும் ஒரு சாவில்தான் தொடங்குகிறது. 1989-இல் ஷையன் நகரில் லேன் ஃப்ராஸ்டை மாடு கொன்றது. அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட், தானும் மாடு ஓட்டுகிறவர், உட்கார்ந்து யோசித்து உருவாக்கினார். எந்த முதலாளியும் உருவாக்கிக் கொடுக்கவில்லை.

அடிபட்ட வீரர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை இருக்கிறது. நன்கொடை வாங்கி நடத்துகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒழுங்கைக் கவனியுங்கள். கார் நிறுத்தக் கட்டாயக் கட்டணம். எலும்பு ஒட்ட விருப்ப நன்கொடை.

இந்த மாட்டுச் சவாரியை நடத்துகிற பிபிஆர் என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மாடு ஓட்டிகளேதான். 1992-இல் இருபது பேர், ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டார்கள். ரோடியோவில் கூட்டம் கடைசிவரை உட்கார்ந்திருப்பது எங்களுக்காக, காசு மட்டும் ஏன் வேறெங்கோ போகிறது என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்வி. லாம்பர்ட்டும் அந்த இருபதில் ஒருவர். அப்புறம் முதலீட்டுக் கம்பெனி வந்தது. 2015-இல் ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு ஏஜென்சி நடத்துகிற கம்பெனி வாங்கியது. 2025-இல் கூண்டுச் சண்டையும் மல்யுத்த நாடகமும் நடத்துகிற டிகேஓ குழுமத்தின் கைக்குப் போயிற்று. தொடங்கியவர்கள் விற்றுக் காசு பார்த்தார்கள் என்றால் பார்க்கட்டும், எலும்பை முதல் போட்டவர்கள். ஆனால் அந்தக் கேள்வி என்ன ஆயிற்று? கம்பெனியோடு சேர்த்து அதையும் விற்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

நகராட்சியும் சும்மா இல்லை. 2022-இல் உலக இறுதிப் போட்டி லாஸ் வேகாஸை விட்டு ஃபோர்ட் வொர்த்தின் டிக்கீஸ் அரங்குக்கு வந்தது. அந்த அரங்கைக் கட்ட 2014-லேயே ஊர் ஓட்டுப் போட்டு மூன்று வரிக்குச் சம்மதித்திருந்தது. டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் வரை. கார் நிறுத்த ஐந்து டாலர் வரை. மூன்றாவதுதான் ரத்தினம்: கால்நடையைக் கட்டிவைக்கிற தொழுவத்துக்கும் பட்டிக்கும் இருபது டாலர் வரை. பார்க்க வருகிறவனுக்கு வரி, அவன் வந்த வண்டிக்கு வரி, அவன் பார்க்க வந்த மாடு படுக்கிற இடத்துக்கும் வரி. சாணியை எப்படி விட்டுவைத்தார்களோ தெரியவில்லை.

நான் கணக்குப் பார்க்கிற ஜாதி. இடைவேளையில் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றில் முப்பது பேர், கடைசிச் சுற்றில் பத்துப் பேர், ஆக நாற்பது சவாரி. ஒருத்தன்கூட விழாமல் எல்லாரும் எட்டு வினாடி உட்கார்ந்தாலும் 320 வினாடி, ஐந்து நிமிஷம் சொச்சம். எங்கள் செலவு 360 டாலரைத் தாண்டிவிட்டது. வினாடிக்கு ஒரு டாலருக்கு மேல். உண்மையில் பாதிக்கு மேல் ஆட்கள் மூன்று வினாடி, நாலு வினாடியிலேயே மண்ணைக் கவ்வினார்கள். சவாரி சுருங்கியதற்குப் பணம் திரும்பி வருமா? பார்த்தவனுக்கும் கிடையாது, விழுந்தவனுக்கும் கிடையாது. அந்த அரங்கில் முழு நேரமும் விழாமல் உட்கார்ந்திருந்தது என் கார்டிலிருந்து போன பணம் ஒன்றுதான்.

கடைசிச் சுற்றில் ஒரு சின்னப் பையன், இருபது இருக்கும். மாடு இடது பக்கம் சுற்ற, அவன் கூடவே சுற்றினான். கூட்டம் எழுந்து நின்றது. மணி அடிக்கக் கண்ணிமைக்கும் நேரம்தான் பாக்கி. தூக்கிப் போட்டது. தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் மண்ணில் கிடந்த தொப்பியைத் தேடி எடுத்து, ஒரு தட்டுத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வெளியே போனான். திரையில் பூஜ்யம். அடுத்த வினாடி அதே திரையில் ஒரு பிக்கப் வண்டி மலை ஏறியது.

"அந்தப் பயலுக்கு எம்புட்டுக் குடுப்பாங்க மாப்ள?"

"ஒண்ணும் இல்ல மாமா. விழுந்துட்டான்ல."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊரில் நன்றாக ஆடியவன் தோற்றாலும் சட்டையில் ஒரு நோட்டைக் குத்திவிடுகிற கை அது. பையில் விட்டு, தண்ணீருக்குச் செல்லாத அந்த 20 டாலரை எடுத்தார்.

"இத எங்கன போய்க் குடுக்கணும்?"

"இங்க ரொக்கம் வாங்க மாட்டாங்க மாமா."