வெண்ணெய் உருண்டையைத் தாங்கும் கைகள்: ஓர் ஆய்வு

மாமல்லபுரத்தில் ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ என்று பெயர்பெற்ற பாறை ஏறக்குறைய 6 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம். எடை சுமார் 250 டன் என்பார்கள். வழுக்குச் சரிவில், இதோ உருண்டுவிடுவேன் என்று மிரட்டியபடி நிற்கிறது, உருள்வதில்லை. ஏன் உருளவில்லை என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. அதைக் கையால் தாங்கிப் படம் எடுத்துக்கொள்ளாமல் ஏன் யாரும் ஊர் திரும்புவதில்லை என்ற வினா மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

படம் எடுத்துக்கொள்வோர் மூவகையினர்: தள்ளுநர், முதுகு கொடுப்போர், தாங்குநர்.

தள்ளுநர் பாறையின் அடிவரை ஏறி, இரு கைகளையும் ஊன்றிப் பல்லைக் கடிப்பர். கல்லூரிச் சுற்றுலாவில் இது ஆறேழு பேர் சேர்ந்து செய்யும் கூட்டுத்தொழில்; உண்மையில் தள்ளுபவர் எவருமிலர். இம்மரபின் உச்சம் 1908 என்று சொல்லப்படுகிறது. பாறை ஊருக்கு ஆபத்து என்று கருதிய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லையாம். வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை. ஆவணம் கேட்டால் அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

முதுகு கொடுப்போரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாய்ந்து, ஒரு காலை மடக்கி, வேறெங்கோ பார்ப்பார்கள்.

தாங்குநரே ஆய்வுக்கு உரியவர். இவர்கள் பாறையின் அருகே போவதே இல்லை. போனால் காரியம் கெடும். கணக்கு இதுதான்: 6 மீட்டர் பாறை 20 சென்டிமீட்டர் உள்ளங்கையில் அடங்க வேண்டுமென்றால், கேமராவிலிருந்து கை இருக்கும் தூரத்தைப்போல் முப்பது மடங்கு தூரத்தில் பாறை இருக்க வேண்டும். கை 2 மீட்டரில், பாறை 60 மீட்டரில். செல்போனின் சென்சார் மிகச் சிறியது என்பதால் கையும் பாறையும் ஒருசேரத் தெளிவாக விழுகின்றன. ‘போர்ட்ரெய்ட்’ வைத்து எடுத்தவர்களுக்குக் கை மட்டும் மிஞ்சும். பாறை பின்னால் கஞ்சிபோல் கலங்கியிருக்கும்.

கணக்குச் சுலபம், நடைமுறை கடினம். எடுப்பவர் புல்தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். தாங்குபவர் எதிரில், பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை நீட்டி நிற்கிறார். தான் தாங்கும் பொருளை அவரால் பார்க்க முடியாது.

“இன்னும் கொஞ்சம் மேல தூக்கு.”

“போதுமாங்க?”

“கல்லுக்கும் கைக்கும் கேப் தெரியுது. லெஃப்ட்ல வா. உன் லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்.”

இதற்குள் இன்னொரு குடும்பம் குறுக்கே நடந்து போகும். மறுபடி முதலிலிருந்து.

தாங்குநர் மரபு செல்போனோடு பிறந்தது என்பது தவறான கருத்து. பாறையிலிருந்து சிறிது நடந்தால் கிருஷ்ண மண்டபம். அங்கே 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத்தில் கண்ணன் ஒரு கையை உயர்த்திக் கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கிறான். அதே நீட்டிய கை, அதே விரித்த உள்ளங்கை, முகத்தில் அதே சிரமமின்மை. பக்கத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. தலைக்கு மேல் ஒரு மலை நிற்பதை இருவரும் கண்டுகொள்ளவில்லை. இந்த அலட்சியம் இன்றைய படங்களில் கிடைக்காது. உடன் வந்த குழந்தைகள் எல்லோரும் கேமராவையே பார்க்கிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இப்பாறையின் முன் நின்றார்கள். இருவரும் தள்ளவில்லை, தாங்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து உயர்த்தினார்கள், அவ்வளவே. மூன்று வகையிலும் இது அடங்காததால் ஆய்வு இதை ‘அரசுமுறை’ என்று தனியே வைக்கிறது. அவர்கள் போன பிறகு பாறையைப் பார்க்கத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வைத்தது.

பாறை நிற்பதற்குக் காரணம் உராய்வு. எடை கூடக்கூடச் சறுக்கவைக்கும் விசையும் கூடும். பிடித்துவைக்கும் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே 250 டன்னும் ஒன்றுதான், 250 கிலோவும் ஒன்றுதான். உருண்டை வடிவம் வந்தது வெயிலாலும் மழையாலும்: பாறையின் மூலைகள் பல பக்கங்களிலிருந்தும் தாக்கப்படுவதால் அவையே முதலில் தேய்கின்றன.

ஆனால் அது முழு உருண்டையும் அன்று. பின்புறத்தில் ஒரு பகுதி பெயர்ந்து போயிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வெண்ணெயில் யாரோ பாதியை வழித்துத் தின்றுவிட்டதுபோல் இருக்கும். பெயருக்குப் பொருத்தமான பக்கம் அதுதான். இருந்தும் சுற்றுலாப் படங்களில் அதைக் காண்பது அபூர்வம். இப்பிரிவில் தரவு போதவில்லை. அடுத்து மாமல்லபுரம் செல்லும் வாசகர்கள், கையைக் கீழே போட்டுவிட்டு, பாறையைச் சுற்றிப் போய் ஒரு படம் எடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.