மேல ஓட்டை, கீழ மாப்ள

வாங்க மாப்ள, வாங்க! பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ள கட்டில் போட்டு, அடுப்பு வெச்சு, ஊர் ஊராப் போயித் தூங்கப் போறீங்களாமே? அந்தக் காலத்துல லாரி கிளீனர் வண்டியில படுத்தான். அதுக்குப் பேரு பொழப்பு. நீ படுத்தா அதுக்குப் பேரு நாகரிகம்.

சரி, கூரையில காத்தாடி வேணும்ங்கறே. வேணுந்தான். ராத்திரி பூரா நீ விடற மூச்சு குளுந்த தகரத்துல பட்டு வேர்த்து, விடியக்காலம் உன் மூக்கு மேலயே சொட்டும். வெச்ச மொய்கூட இத்தனை சுத்தமாத் திரும்பி வராது.

ஆனா அந்தச் சீமைக் காத்தாடி வெலையைக் கேட்டு எனக்கே வேர்த்துருச்சு. அதுல என்ன இருக்குது? 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் சதுர ஓட்டை, மேல ஒரு மூடி, உள்ள 12 வோல்ட் மோட்டார். நம்ம கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறைப் பக்கம் விசாரி. கூரை மூடி அவங்களுக்குப் புதுசில்ல. அதுக்கடியில கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள சுத்துமே, அந்த 12 வோல்ட் குட்டி ஃபேன் நாலைப் பலகையில முடுக்கி, ஒயருக்கு ஒரு ஃபியூஸ் போடு. நாலும் சேர்ந்து ஒண்ணு, ஒண்ணரை ஆம்பியர்தான். காயலான் கடையில கார் ரேடியேட்டர் ஃபேன் சல்லிசா கெடைக்குதுன்னு தூக்கிட்டு வந்துறாதே. அது 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும். பேட்டரி தூங்கிரும், நீ முழிச்சிருப்பே.

கரண்டே வேண்டாம்னா காத்துலயே சுத்தற ஃபிளெட்னர் இருக்குது. 1924-ல பாய்மரத்துக்குப் பதிலா கப்பல்ல உருளையை நிறுத்திக் காட்டுன ஜெர்மன்காரர் ஆண்டன் ஃபிளெட்னர் பேருதான் அது. வண்டி ஓடறப்ப ஜோரா சுத்தும். காத்தில்லாத எடத்துல நீ நிறுத்திப் படுத்தா அதுவும் படுத்துக்கும், உன்னாட்டவே.

காசு மிச்சம் புடிக்கறது இதோட சரி. இனி ஓட்டை. அங்க கஞ்சத்தனம் ஆகாது. கூரைக்குக் குறுக்க விலா எலும்பாட்ட சட்டம் ஓடும். ரெண்டு விலாவுக்கு நடுவுல அறு. எளவட்டத்துல நான் அளக்காம ஒரு பஸ்ஸுல விலாவையே அறுத்துப்போட்டேன். மேஸ்திரி என் விலாவைத் தேடுனாரு. அறுத்த விளிம்பை அரம் போட்டு பிரைமர் அடி. தகரத்தூளை ஒரு பொட்டு விடாமக் கூட்டு. கூரையில கெடந்தா அதுதான் மொதல்ல துருப் புடிக்கும். மூடி விளிம்புக்கடியில பியூட்டைல் டேப் ஒட்டு. புளிச்ச காடி வாசம் அடிக்கற சிலிக்கான் வேண்டாம், தகரத்தை அரிச்சுப்போடும். மூடியோட கீல் வண்டி மூஞ்சிப் பக்கம் இருக்கட்டும். மாத்தி வெச்சா பைபாஸ்ல மூடி மட்டும் தனியா ஊர் சுத்தப் போயிரும். ஃபேன் காத்தை வெளிய தள்ளோணும். முன்னாடி ஒரு கண்ணாடியை ரெண்டு விரக்கடை எறக்கி வை. உள்ள வர வழி விடாம வெளிய போன்னா எந்தக் காத்து போகும்?

வேலை முடிஞ்சதும் சொல்லியனுப்பு. நீ உள்ள மல்லாக்கப் படுத்துக்கோ. நான் ஏணி வெச்சு ஏறி நாலு கொடம் தண்ணி ஊத்தறேன். மூஞ்சி காஞ்சிருந்தா, மாமன் சொன்ன யோசனை. நனைஞ்சா, நீ வாங்குன டேப்பு.