மொதல்ல வண்டியோட அளவைச் சொல்லுங்க மாப்ள

உங்க பிளானைப் பார்த்தனுங்க மாப்ள. எக்ஸல் ஷீட்டுல பச்சை, மஞ்சள், ஊதான்னு கட்டம் கட்டமா அடிச்சு, கண்ணுல எடுத்து ஒத்திக்கிறாப்புல இருக்குது. ஜூலை மாசம், ஒம்பதே நாளு, எட்டு நேஷனல் பார்க். யோசெமிட்டி, டெத் வேலி, கிராண்ட் கேன்யன், ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ், யெல்லோஸ்டோன், கிளேசியர், மறுக்கா ஃப்ரீமான்ட்ல நம்ம ஊடு. கூட்டிப் பார்த்தா 3,400 மைல் பக்கம் வருது. கல்கத்தாவுக்கு லோடு ஏத்திட்டுப் போற நாமக்கல் லாரிக்காரன்கூட வழியில ஒரு தாபாவுல கயித்துக் கட்டிலைப் பார்த்தா சித்தே கண்ணசருவானுங்க. உங்க ஷீட்டுல தூக்கத்துக்குன்னு ஒரு கலரையே காணோம்.

நான் ஒண்ணும் குறை சொல்லலீங்க. காலமெல்லாம் ஸ்டீயரிங் புடிச்ச ஆளுக்கு என்னங்க தெரியும்? நீங்க படிச்சவங்க. மாமனாருன்னு ஒருத்தன் ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறப்ப அவன் வாய்க்கும் ஒரு வேலை வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் நாலு வார்த்தை.

ஆர்.வி. புக் பண்ணியிருக்கீங்களே, 32 அடி. சபாஷ்! நம்மூருல அந்த நீளத்துக்கு வண்டி ஓட்டோணும்னா ஹெவி லைசென்ஸ் எடுக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துபோகும். இங்க நீங்க தினம் ஆபீசுக்குக் கார் ஓட்டறீங்களே, அதே லைசென்ஸ் போதுமாம். கால் மணி நேரம் வீடியோ போட்டுக் காட்டி, சாவியைக் கையில குடுத்து, மவராசனாப் போய்ட்டு வாங்கன்னு அனுப்பிடறாங்க. பெரிய மனசுக்காரங்க. இன்சூரன்சுக்கு மட்டும் தனியா காசு வாங்கிக்குவாங்க, அது ஏன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க.

வீடியோவுல அவங்க ஓடற ஓட்டத்துல சொல்லிட்டுப் போறதை நான் நிதானமாச் சொல்றேன். அந்த வண்டிக்குப் பின் டயருக்கு அக்கட்டால எட்டு, பத்து அடி பாடி சும்மா தொங்குதுங்க. நீங்க இடது பக்கம் ஒடிச்சா, வாலு வலது பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்குல டேங்க்கை நிரப்பிட்டு, பம்ப் பக்கத்துல இருந்தே ஒடிச்சுக் கிளம்புனீங்கன்னா, அங்க நட்டு வெச்சிருக்கிற மஞ்சக் கம்பம் வண்டியில பூந்துடும். நேரா முன்னால விடுங்க. பின் பம்பர் கம்பத்தைத் தாண்டறதைக் கண்ணாடியில பாருங்க. அப்பறம் ஒடிங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப கேமரா இருக்குதுன்னு சொல்லாதீங்க, கேமராவுக்குத் தலைக்கு மேல இருக்கிற மரக்கிளை தெரியாது. என்ற புள்ளையைக் கீழ எறக்கி விட்டு, "வரட்டும், வரட்டும், போதும்"னு கிளீனர் வேலை பார்க்கச் சொல்லுங்க. கண்ணாலமான நாள்ல இருந்து உங்களுக்கு அவ சொல்றது அதுதானுங்களே, பழக்கமிருக்கும்.

இப்ப ரோட்டுக்கு வருவோம். நீங்க ஊரை எழுதிட்டு வண்டியைத் தேடியிருக்கீங்க. லாரிக்காரன் வண்டியை அளந்துட்டுத்தான் ஊரைச் சொல்லுவான். ஜயான் பார்க்குல கிழக்கால போற வழியில ஒரு குகைப்பாதை இருக்குது, ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல நீளம். 1930ல திறந்தது. அன்னைக்கு இருந்த காருங்க அளவுக்கு மலையைக் குடைஞ்சு வெச்சாங்க, நீங்க அடுப்பு, கக்கூசு, கட்டிலோட வருவீங்கன்னு பாவம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? உயரம் 11 அடி 4 இஞ்ச், அகலம் 7 அடி 10 இஞ்ச், இதுக்கு மேல போனா பெரிய வண்டின்னு கணக்கு. அகலம்னா பக்கக் கண்ணாடியையும் சேர்த்துத்தான். முன்னெல்லாம் காசு கட்டினா எதிர் வண்டியை நிறுத்தி வெச்சு நடு ரோட்டுல விட்டுட்டு இருந்தாங்க. 2026 நடுவுல இருந்து அந்தச் சலுகையும் கிடையாதுன்னுட்டாங்க. உங்க வண்டி கூரை மேல ஏ.சி. பொட்டி உக்காந்திருக்குதே, அதை அளந்தீங்களா? அளக்கலீன்னா பரவாயில்லைங்க, வாசல்ல ரேஞ்சரே வந்து அளந்து குடுப்பாரு. அப்பறம் பிரைசுக்கு நெடுஞ்சாலையைப் புடிச்சு ஊரைச் சுத்திப் போகலாம்.

கிளேசியர்ல அந்த ரோடு இருக்குது பாருங்க, கோயிங்-டு-த-சன். போட்டோவைப் பார்த்துட்டு உங்க ஷீட்டுல மூணு ஸ்டார் போட்டிருக்கீங்க. அவலாஞ்ச் கேம்ப்பைத் தாண்டினா 21 அடிக்கு மேல நீளமான வண்டிக்கோ, கண்ணாடியோட சேர்த்து 8 அடிக்கு மேல அகலமான வண்டிக்கோ அனுமதி இல்லை. உங்களுது 32. ஒருவேளை மூணுல ரெண்டு பங்கை மட்டும் மேல கொண்டு போய்ட்டு வரலாம்னு நினைச்சீங்களோ என்னமோ.

டெத் வேலிக்கு ஜூலை 10ஆம் தேதி போட்டிருக்கீங்க. நல்ல நாள் பார்த்திருக்கீங்க மாப்ள. 1913ல அதே ஜூலை 10ல தான் அங்க ஃபர்னஸ் கிரீக்ல 56.7 டிகிரி செல்சியஸ் வெயில் அடிச்சுது, உலகத்துக்கே அதுதான் ரெக்கார்டு. அந்த விழாவைக் கொண்டாடத்தான் பேரன் பேத்தியைக் கூட்டிட்டுப் போறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆனா கோடையில அங்க கொண்டு போகக் கூடாதுன்னு பல வாடகைக் கம்பெனிக்காரங்க அக்ரிமென்ட்லயே எழுதி வெச்சிருப்பாங்க. அதைப் படிக்காம கையெழுத்துப் போட்டிருப்பீங்க, சாஃப்ட்வேர்க்காரங்கல்லோ.

சரி, கிழவன் கெடுக்கறதே வேலையா இருக்கான்னு நினைக்காதீங்க, வழியும் சொல்றேன். இந்த ஊர் ஆர்.வி. பெருசுங்க மூணு மூணு மூணுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல ஓட்டாதே, சாயங்காலம் 3 மணிக்குள்ள போய்ச் சேரு, சேர்ந்த இடத்துல மூணு ராத்திரி தங்கு. பொழுது உழுந்தப்பறம் தெரியாத கேம்ப்புல 32 அடியை ரிவர்ஸ் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அந்த 3 மணியோட அருமை தெரியும்.

லாஸ் வேகாசுக்கு விமானத்துல போங்க. வண்டியை அங்க எடுங்க, 25 அடிக்குள்ள. கேலனுக்கு 8 மைல், 10 மைல் குடுக்கிற வண்டியை இங்கிருந்து ஓட்டிட்டுப் போய் நெவாடா பாலைவனத்துக்கு எண்ணெய் ஊத்த வேண்டாம். அங்கிருந்து ஜயான் 160 மைல் பக்கம். வாட்ச்மேன் கேம்ப்புல கரண்ட் இருக்குது, வண்டியை நிறுத்திட்டு இலவச பஸ்ஸுல ஏறுங்க. சீசன்ல அந்தப் பள்ளத்தாக்கு ரோட்டுல எப்படியும் சொந்த வண்டிக்கு வழியில்லை, 2000த்துல இருந்து பஸ்சுதான். ஓட்டற வேலை இல்லாம நீங்களும் ஒரு நாள் தலையைத் தூக்கி மலையைப் பார்க்கலாம்.

அப்பறம் பிரைஸ். 8,000 அடிக்கு மேல. செம்பாறை ஊசி ஊசியா ஆயிரக்கணக்குல நிக்குது, வெள்ளெனெ எழுந்து சூரியன் ஏறறப்பப் பார்க்கோணும். ஜூலையிலயும் ராத்திரி ஸ்வெட்டர் கேக்கும். அங்க சட்டியில பருப்புப் போட்டுட்டு உக்காந்தீங்கன்னா, ஊரு வந்து சேர்ந்தப்பறமும் வேகாது. அந்த உயரத்துல தண்ணி 92 டிகிரியிலயே கொதிச்சுப் போயிடும், சூடு பத்தாது. அதனால உங்க அத்தை குக்கரை எடுத்து வெச்சா முணுமுணுக்காதீங்க. விசில் மட்டும் ராத்திரி 10 மணிக்குள்ள அடிச்சு முடிச்சுரோணும்.

பிரைசுல இருந்து 12ஆம் நம்பர் ரோட்டைப் புடிச்சா, 9,600 அடி வரைக்கும் ஏறி எறங்கிக் கேப்பிடல் ரீஃப். ஏறறதுல ஒண்ணுமில்லைங்க, எறங்கறதுலதான் ஆள் தெரியும். பிரேக்கை மிதிச்சுட்டே வராதீங்க, சூடேறினா அது கைவிட்டுரும். ஆட்டோமேட்டிக் வண்டின்னாலும் சின்ன கியர்ல போட முடியும், எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்லயே எறக்குங்க. பின்னால நாலு காரு சேர்ந்துட்டா ஒதுங்கி வழி விடுங்க, கௌரவம் ஒண்ணும் கொறைஞ்சு போகாது.

கேப்பிடல் ரீஃப் உங்க ஷீட்டுலயே இல்லை. ஃப்ரூட்டான்னு அங்க ஒரு எடம். 1880கள்ல குடியேறின மார்மன் சனங்க வெச்ச பழத்தோட்டத்தை இன்னமும் பார்க்குக்காரங்க வளர்த்திட்டு வர்றாங்க. சுத்திலும் செக்கச் செவேல்னு பாறை, நடுவுல பச்சையா ஆப்ரிகாட், பீச், ஆப்பிள் மரம். பறிக்கலாம்னு போர்டு தொங்கற தோட்டத்துல ஏணி இருக்கும், தராசு இருக்கும், ஆளு இருக்க மாட்டாங்க. அங்கியே நின்னு திங்கறதுக்குக் காசில்லை. பைல போட்டு எடுத்துட்டுப் போறதை நீங்களே நிறுத்து, நீங்களே காசைப் பொட்டியில போட்டுட்டு வரோணும். மரத்து மேல மட்டும் ஏறக் கூடாதாம், அது எனக்குத்தான் சொல்லியிருக்காங்கன்னு நினைக்கிறேன். மூணு ராத்திரி அங்க போடுங்க. அங்க பக்கத்துலயே ஓடற ஆத்துக்குப் பேரும் ஃப்ரீமான்ட்தான், நமக்குச் சொந்த ஊருல இருக்கிறாப்புலயே தோணும்.

அந்தக் கேம்ப்புல கரண்ட், தண்ணிக் குழாய் இணைப்பு எதுவுமில்லை. வண்டி டேங்க்குல 40 கேலன் பக்கம்தான் தண்ணி. ஆறு பேரு. உங்க அத்தை ஒரு நாள் எண்ணெய் வெச்சுத் தலைக்கு ஊத்தினாங்கன்னா மிச்சம் அஞ்சு பேருக்கும் விபூதிக் குளியல்தான். கழிவுக்கு ரெண்டு டேங்க்கு: சோப்புத் தண்ணிக்கு ஒண்ணு, கக்கூசுக்கு ஒண்ணு. கக்கூசு டேங்க்கோட வால்வை எந்நேரமும் மூடியே வெச்சிருங்க. திறந்து விட்டா தண்ணி மட்டும் ஓடிப் போயிட்டு, மத்தது அங்கியே கோபுரம் கட்டிக்கும். டம்ப் ஸ்டேசன்ல மொதல்ல அதைத் திறங்க, சோப்புத் தண்ணியைக் கடைசியா விடுங்க, அதுவே குழாயைக் கழுவிடும். கையுறை வாங்கிக்குங்க. கம்பெனியில டைரக்டரா இருந்தாலும் அந்தக் குழாயைப் புடிக்கற வேலை மாப்பிள்ளையோடதுதான், மாமனாரு தூரத்துல நின்னு யோசனை மட்டும் சொல்லுவாரு.

கேம்ப்புல எடம் கிடைக்கறதைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரெக்ரியேசன் டாட் கவ்-ல பல எடத்துக்கு ஆறு மாசம் முந்தியே திறந்துடறாங்க, நம்ம நேரத்துக்குக் காலை 7 மணி. நிமிசத்துல தீர்ந்து போகுது. மத்த நாள்ல உங்களை அந்த நேரத்துக்கு எழுப்பறதுக்குள்ள என்ற புள்ளைக்கு உசிரு போயி உசிரு வருது, அன்னைக்கு மட்டும் நீங்க ஆறு மணிக்கே எழுந்து லேப்டாப்பை வெச்சுட்டு உக்காருவீங்க.

ஆனா மாப்ள, ஒரு சந்தேகம். ஊட்டி, ஏற்காட்டுக்குக்கூட "உங்களுக்கு அலைச்சலுங்க மாமா"ன்னு விட்டுட்டுப் போன நீங்க, இந்தத் தடவை மட்டும் "மாமா கண்டிப்பா வரோணும்"னு ஒத்தைக் கால்ல நிக்கறீங்களே, ஏனுங்க? நானும் நெட்டுல பார்த்தேன். 62 வயசு தாண்டி, கிரீன் கார்டு இருந்தா 80 டாலருக்கு சீனியர் பாஸு, ஆயுசு பூரா. வண்டியில இருக்கிற அத்தனை பேரும் உள்ளே. கேம்ப்புக்கும் பல எடத்துல பாதி வாடகை. ஆனா பாஸுக்காரன் நேருல வரோணுமாம்.

பாஸு வாங்கியாச்சுங்க, என்ற சட்டைப் பைலதான் இருக்குது. முன் சீட்டு எனக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் டீக்கு நிறுத்தோணும். பார்க்கு மூணுக்கு மேல கிடையாது. சம்மதம்னா சொல்லுங்க, வாசல்ல ரேஞ்சர் கேக்கறப்ப எடுத்து நீட்டறேன். இல்லீன்னா அந்த நேரம் பார்த்து நான் தூங்கிட்டு இருப்பேன், வயசானவனை எழுப்பறது பாவமுங்க.