வேலியோடு சேர்த்து எடுத்த படங்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்களில், வசந்தம் பச்சையாக வருவதில்லை. பங்குனியில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். கிளுவை இலையைக் கொட்டிவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்கும். மாடுகள் வெள்வேல மரத்தடியில் ஒண்டும். அந்த வறட்சியில்தான் வேலியோரம் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். வெப்பாலை கொத்துக் கொத்தாக வெள்ளை வைக்கும். கண்டங்கத்திரி தரையோடு படர்ந்து முள்ளுக்கு நடுவே ஊதாப் பூவை நீட்டும். கார்த்திகை, மார்கழியில் மழை முடிந்து வரும் பூக்கூட்டம் இதைவிடப் பெரிது. இருந்தாலும் தண்ணீர் இல்லாத மாதத்தில் பூக்கிற இவற்றின் மேல்தான் சின்ன வயதிலிருந்து எனக்குப் பற்று.

1980களின் கடைசியில், கல்லூரி விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் இவற்றைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவேன். கேமரா மாமாவுடையது. ரோலுக்கு 36 படம். அதில் சீர், கல்யாணம், கிடா வெட்டு என்று எடுத்தது போக மிச்சம் என்னுடையது. “ரோலு முடிஞ்சா நாளைக்கே டவுனுக்குக் கொண்டு போயிருவேன் மாப்ளே, போயி எடுத்துட்டு வாங்க” என்று மாமாவே கொடுத்தனுப்புவார். விடிந்ததும் போனால் வெயில் ஏறும் முன் ஐந்தாறு படம். ஒவ்வொன்றுக்கும் சுற்றிச் சுற்றி வந்து, காற்று நிற்கும் வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும்.

ஆடு மேய்க்க வரும் ஒரு ஆத்தா ஒருநாள் தடியை ஊன்றி நின்று கேட்டது: “ஏஞ்சாமி, ஆவாரையப் போயிப் படம் புடிக்கறே? அதுபாட்டுக்குக் கெடக்குது.” அதுபாட்டுக்குக் கிடப்பதால்தான் ஆத்தா எடுக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு இதே ஆவாரையைக் கை நிறைய ஒடித்து வருகிற ஊர் எங்களுடையது. அன்றைக்கு மட்டும் அது பூ. மற்ற நாளில் வேலி.

அந்தக் கேமராவால் பூவின் அருகே போக முடியாது. குவியத்தை மாற்ற வழியில்லாத லென்ஸ். நாலைந்து அடி தள்ளி நின்றால்தான் தெளிவு. கிட்டே போனால் மஞ்சள் புகை. ஆகவே எந்தப் படத்திலும் பூ நகத்தளவுதான். அதைச் சுற்றி முழு வேலியும் வந்துவிடும்: கிளுவைப் போத்து, அதில் ஏறிய பிரண்டை, அடியில் எருக்கு, கடவுப்படல், சில படங்களில் வேலிக்கு அப்பால் மேயும் மாட்டின் முதுகு. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அக்கறையோடு விசாரிப்பார்: “தம்பி, கடைசி அஞ்சாறு படத்துல ஆளே விழுகலீங்களே. வெறும் வேலிதான் இருக்குது. பிரிண்ட் போடோணுங்களா?” போடுங்க என்பேன். காசு வீணாகிறதே என்ற கவலை அவர் முகத்தில் தெரியும்.

நிறமும் ஃபிலிம் கொடுத்ததுதான். வேலியில் படர்ந்த சங்குப்பூவின் நீலம் ஆல்பத்தில் கத்திரிப்பூ நிறமாக வந்தது. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்கு எட்டாத ஆழ்ந்த சிவப்பையும் திருப்பி அனுப்புகின்றன. ஃபிலிமின் சிவப்புப் படலம் அதையும் பிடித்துவிடும். டிஜிட்டல் கேமராவில் அந்த ஒளியைத் தடுக்க வடிகட்டி இருப்பதால் இன்று நீலம் நீலமாகவே வருகிறது. மஞ்சளுக்குத்தான் இப்போது பாடு. நல்ல வெயிலில் ஆவாரையை எடுத்தால் இதழின் சுருக்கம், ஆரஞ்சு நரம்பு எல்லாம் கரைந்து ஒரே மஞ்சள் பூச்சாகிவிடும். வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைத்து எடுத்தால்தான் இதழ் இதழாகத் தெரியும்.

இப்போது கைப்பேசியைப் பூவுக்கு இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் போதும். அன்று கண்ணால்கூடப் பார்க்காததை எல்லாம் அது காட்டுகிறது. ஆவாரையின் மகரந்தப் பைகள் வளைந்து நீண்டவை. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. மகரந்தம் தானாக உதிராது. கருவண்டு வந்து பூவைக் காலால் கவ்விக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் அந்தக் கணத்தில் சட்டென்று சுருதி ஏறும். துளை வழியே மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். கண்டங்கத்திரியிலும் இதே ஏற்பாடுதான். ஸ்லோ மோஷனில் இதைப் பதிவு செய்து முதன்முதலாகப் பார்த்த காலையில் எனக்குப் பேச்சே வரவில்லை. நாற்பது வருடம் முன்பு இது கையில் இருந்திருந்தால் ஊரையே கூட்டிக் காட்டியிருப்பேன்.

ஆனால் கருவி கிட்டே போகப் போக, எடுப்பதற்கு இடம் சுருங்கிவிட்டது. எங்கள் ஊரில் கிளுவை வேலி இருந்த இடங்களில் பாதிக்கு மேல் இன்று கல்தூணும் கம்பியும். உயிர்வேலியைக் கழிக்க, அடைக்க ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மையான கஷ்டம். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். கம்பிக்கு அடியில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கண்டங்கத்திரிக்கும் நெருஞ்சிக்கும் அங்கே இடமில்லை. சும்மா விட்ட நிலத்தைச் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் எடுத்துக்கொள்கின்றன. செங்காந்தள் கதை தனி. அப்போது மழைக்காலத்தில் வேலி மேல் ஏறித் தீயாகப் பூத்தது, இப்போது மூலனூர்ப் பக்கம் விதைக்காகக் கம்பி கட்டி வளர்க்கும் பணப்பயிர். கையால் மகரந்தம் தொட்டு வைக்க ஆள் போட்டு வளர்க்கிறார்கள். வேலியில் அதைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

இந்த நிலையில்தான் அந்தப் பழைய ஆல்பத்தின் மதிப்பு எனக்குப் புரிந்தது. ஆவாரையின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று எடுத்த படம் ஆயிரம் மடங்கு மேல். ஆவாரை எங்கே நின்றது, பக்கத்தில் எவை நின்றன, வேலி எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி என்று தெரிய வேண்டுமென்றால் கிட்டே போக முடியாத அந்த லென்ஸ்தான் பதில் சொல்கிறது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடில் பூப்படம் எடுப்பவர்களிடம் நான் இதைத்தான் மன்றாடிக் கேட்கிறேன். பூவை எவ்வளவு வேண்டுமானாலும் அழகாக எடுங்கள். கூடவே நாலடி பின்னால் வந்து, அது நிற்கும் இடத்தையும் தெளிவாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

தாவரவியலாளர்கள் இதை எப்போதும் செய்துவந்திருக்கிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் அருட்தந்தை கே. எம். மேத்யூ தொடங்கிய ராபினாட் உலர்தாவரகத்தைப் போன்ற இடங்களில், ஒட்டி வைத்த செடிக்குப் பக்கத்தில் எந்த ஊர், எந்தத் தேதி, எந்த மாதிரி நிலம் என்று ஒரு சீட்டு இருக்கும். சீட்டு இல்லாத செடி ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது. கைப்பேசி இந்தச் சீட்டைத் தானே எழுதிவிடுகிறது; தேதி, நேரம், இடம் எல்லாம் படத்துக்குள் பதிகிறது. சாதாரணமாக வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதும் அது உதிர்ந்துவிடுகிறது என்பதால் மூலப் படத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். தேதிக்குப் பெரிய மதிப்பு உண்டு. கேரளத்தில் விஷுவுக்கு வைக்க வேண்டிய கொன்றை, பண்டிகைக்கு வெகு முன்பே பூத்து முடிகிறது என்ற பேச்சு சில வருடங்களாக உண்டு. அதைப் பேச்சாக விடாமல் சோதித்துப் பார்க்க, பல ஊர்களில் பலர் தேதியோடு எடுத்த படங்கள் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அரிய பூவின் இடத்தை ஊரறியப் போட வேண்டாம். கிழங்கோடு தோண்டிப் போகிறவர்கள் உண்டு.

போன பங்குனியில் பங்காளி முறையில் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொறங்காட்டுக் கம்பிவேலி துருப்பிடித்து விழ ஆரம்பித்துவிட்டது, மறுபடியும் உயிர்வேலியே வைத்துவிடலாம் என்று இருக்கிறார். “அப்பாரு காலத்து வேலி உங்க படத்துல இருக்குதுன்னாங்க, பாக்கலாங்களாண்ணா?” என்றார். ஆல்பத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து இருவரும் பார்த்தோம். ஒரு வரிசை முள்கிளுவை, இடையிடையே வெள்வேல், தெற்கு ஓரம் முழுக்க ஆவாரை. கடவுக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிந்தது வெப்பாலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்தான் கடைசி வரை ஒப்பவில்லை. அடுத்த வாரம் அவருடைய அம்மாவே வந்து பார்த்து, அது வெப்பாலைதான், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்கள்.

கிளுவைப் போத்து வெட்டிக்கொள்ளப் பக்கத்துக் காட்டுக்காரர் சரி சொல்லிவிட்டார். மழை பிடிக்கும் முன் நட்டுவிட வேண்டும். ஆவாரை விதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். வெப்பாலை நாற்றுக்கு மட்டும் வனத்துறை நாற்றங்காலில் கேட்க வேண்டும்.