இலை விபூதியும் இன்ஷூரன்ஸும்

திருச்செந்தூர் ஆலயத்தில் பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதி சகல ரோகங்களையும் தீர்க்கும் என்பதும், வயிற்று வேதனையோடு இங்கு வந்த ஆதிசங்கரர் சுப்ரமண்ய புஜங்கம் பாடிக் குணமடைந்தார் என்பதும் ஐதிகம். பாட்டொன்றைக் கட்டணமாக ஏற்று வைத்தியம் பார்த்த ஸ்தாபனம் வேறெங்கேனும் உண்டா என்று விசாரித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

எனக்குப் பரிச்சயமான வில்லிசைக்காரர் ஒருவர், கொடை மாதங்களில் விடிய விடியச் சுடலைமாடன் கதை பாடி, மற்ற மாதங்களில் இருமிக்கொண்டிருப்பவர், அந்த இலையையும் நலவாரிய அட்டையையும் ஒரே ரப்பர் வளையத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எதை முதலில் நீட்டுவீர் என்றேன்.

“இலையைத்தான் அய்யா. அதுக்கு யாரும் ஜெராக்ஸ் கேக்க மாட்டாவ.”

எழுத்தாள வர்க்கத்துக்கு அந்த வளையமும் மிச்சம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த புதுமைப்பித்தன், ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போய், காசநோயோடு திரும்பி, 1948-இல் திருவனந்தபுரத்தில் தமது 42-ஆவது வயதில் காலமானார். சர்க்கார் அவரை அடியோடு மறந்துவிட்டதென்று அபாண்டம் சொல்லலாகாது. 2002-இல் அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. வைத்தியச் செலவுக்குத்தான் 54 வருஷம் தாமதம்.